தீபத்தன்று காணாமல் போன பார்சுவநாதர்

மலை உச்சியில் தீபம் ஏறியது. தெருவெல்லாம் 'அரோகரா' என்று அதிர்ந்தது. அத்தனை இரைச்சலிலும் கீழே யாரோ விழுந்த சத்தம், வீட்டுப் பெரியவரைக் கவனித்துக்கொள்ளும் சந்திரகலாவுக்குக் கேட்டுவிட்டது. மொட்டை மாடியில் நின்ற கூட்டத்தை இடித்து விலக்கிக்கொண்டு படியிறங்கி ஓடினாள்.

அப்பாசாமி நயினார் தன் அறை வாசலில் குப்புறக் கிடந்தார். நெற்றி பிளந்து ரத்தம் கொட்டியது. அவரைத் தாங்கி உட்கார வைத்தபோது, அவர் அறைக்குள் விரலை நீட்டிக் காட்டினார்.

சுவர் மாடம் காலி. ஐந்து தலைமுறையாக அந்தக் குடும்பம் பூசித்து வந்த, ஒரு சாண் உயர வெண்கலச் சிலையான சமணத் தீர்த்தங்கரர் பார்சுவநாதரைக் காணவில்லை.

அது 2001ஆம் வருடத்துக் கார்த்திகை தீபம். ஊருக்குள் எள் போட இடமில்லை. ஆட்டோ நுழைய வழியில்லாமல், பெரியவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்காரர்கள் சந்து சந்தாக ஓடினார்கள். மகள் பிராமி தகப்பனாரின் நெற்றியில் துண்டை அழுத்திப் பிடித்தபடி ஓடினாள். சென்னையிலிருந்து முந்தின நாள் வந்திருந்த அவளுடைய அத்தை மகன் தேவகுமார், இதய நோயாளியான பெரியவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகவென்று எப்போதும் கட்டித் தயாராக வைத்திருக்கும் துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "வழி விடுங்க, வழி விடுங்க" என்று முன்னால் கத்திக்கொண்டு போனான்.

சந்திரகலாவால் போக முடியவில்லை. சிலை திருட்டு என்று கேள்விப்பட்டு வந்த ரோந்துப் போலீஸ் அவளை வீட்டிலேயே நிறுத்திவிட்டது.

அவர்கள் போய்ச் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரியின் நர்சிங் சூப்பிரண்டு கஸ்தூரி குண்டான, உரத்த குரல்காரி. அரசு ஆஸ்பத்திரியில் இருபது வருஷம் வார்டை ஆட்டி வைத்தவள். டாக்டர் இளஞ்செழியன் தையல் போட்டு முடிப்பதற்குள் அவள் ரத்த அழுத்தத்தை இரண்டு முறை பார்த்துவிட்டாள்.

"தொண்ணூறுக்கு அறுபது, டாக்டர். பல்ஸ் வேகம் ஜாஸ்தி. நாக்கு காஞ்சு கிடக்கு."

"நேத்து செக்கப்புக்கு வந்தப்போ நல்லா இருந்தாரே?" டாக்டர் புருவத்தைச் சுருக்கினார். "தலையில அடிபட்டதால பிரஷர் இறங்கின மாதிரி தெரியல. இறங்கினதாலதான் விழுந்திருக்காரு. தண்ணி வத்திருக்கு."

கஸ்தூரி பெரியவரின் காதருகே குனிந்தாள். "ஐயா, எப்படி விழுந்தீங்க?"

"பாத்ரூம் போயிட்டு வந்தேம்மா. வாசப்படிகிட்ட கண்ணு இருட்டிக்கிச்சு."

"சாயங்காலம் எத்தனை தடவ போனீங்க?"

"மூணு தடவ இருக்கும். குளிர் காலம் இல்லையா?"

கஸ்தூரிக்கு இந்த நோயாளியை நன்றாகத் தெரியும். காலையில் பிரஷர் மாத்திரையும், உடம்பில் தேங்கும் நீரைச் சிறுநீராக வெளியேற்றும் நீர் மாத்திரையும். மற்றவர்கள் ராத்திரி படுக்கப் போகும்போது போடும் கொழுப்பு மாத்திரையை இவர் மட்டும் சாயங்காலம் நாலரை மணிச் சாப்பாட்டோடு போட்டுக்கொள்வார். சமண விரதம், பொழுது சாய்ந்தபின் சொட்டுத் தண்ணீர்கூடத் தொடமாட்டார்.

"டாக்டர், ராத்திரிக்கு வேற எந்த மாத்திரையும் எழுதாதீங்க. எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு."

"எனக்கும் அதே சந்தேகம்தான். சலைன் மெதுவா போகட்டும். இதயம் தாங்கணும்."

ஊசியைப் பார்த்ததும் பெரியவர் தயங்கினார். "பொழுது போயிடுச்சேம்மா..."

"இது வாய் வழியா போகல ஐயா. உங்க விரதம் பத்திரமா இருக்கு." அவர் லேசாகச் சிரித்துக் கையை நீட்டினார்.

இன்ஸ்பெக்டர் சகாதேவன் சந்திரகலாவை அழைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். வேர்த்து விறுவிறுத்திருந்தார். வராந்தாவில் பிராமியும் தேவகுமாரும் உட்கார்ந்திருந்தார்கள். தேவகுமாரின் மடியில் அந்தத் துணிப்பை இருந்தது.

"சிஸ்டர், இந்தப் பொண்ணை அந்த வீட்டு வேலைக்குச் சேத்துவிட்டது நீங்கதானே?"

"நான்தான். கீழ்பென்னாத்தூர்க்காரி. ஆறு மாசம் எங்கிட்ட வேலை கத்துக்கிட்டவ."

"விழுந்தவரைப் பாத்த முதல் ஆள் இவதான். மத்தவங்க எல்லாரும் மாடியில. வந்தவங்க போனவங்க, அவங்கவங்க பை, வீடு முழுக்க சோதனை போட்டாச்சு. சிலை இல்ல."

"என் பையை மூணு தடவ கொட்டிப் பாத்தாச்சு சார்!" சந்திரகலா வெடித்தாள். அழவில்லை, கோபத்தில் மூக்கு விடைத்திருந்தது. "இன்னா கிடைச்சுது? ஒரு சீப்பு, ஒரு பஸ் பாஸ்!"

பிராமி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "ஜன்னல் வழியா யாருக்காவது குடுத்திருப்பா. வேற யாரு அப்பா அறைக்குள்ள போறாங்க?"

தேவகுமார் பெருமூச்சு விட்டான். "போலீஸ்ல நாலு தட்டு தட்டினா சொல்லிடுவா. பிராமி, நான் மாமாவுக்கு மாத்துத் துணி எடுத்துட்டு வந்துடறேன்." எழுந்தான்.

"உக்காருங்க தம்பி. துணி எங்கிட்டயே இருக்கு," என்றாள் கஸ்தூரி. "சந்திரகலா, இன்னிக்கு மாத்திரை எப்படிக் குடுத்த? ஆதியிலிருந்து சொல்லு."

"எப்பவும் போலதான் சிஸ்டர். நேத்து சாயங்காலமே அட்டையிலேர்ந்து பிரிச்சு டப்பாவுல போட்டு வச்சிட்டுதான் வீட்டுக்குப் போனேன். சிவப்பு மூடி காலைக்கு, நீல மூடி சாயங்காலத்துக்கு. காலையில வந்து சிவப்பு டப்பாவைக் குடுத்தேன். நாலரைக்கு நீலம்."

"அந்த நீர் மாத்திரையும் கொழுப்பு மாத்திரையும் பாக்க எப்படி இருக்கும்?"

"ரெண்டும் சின்ன வெள்ளை மாத்திரை. பிரிச்சு வச்சிட்டா சட்டுனு அடையாளம் தெரியாது."

"டப்பா ராத்திரி எங்க இருக்கும்?"

"கூடத்து அலமாரியில." சந்திரகலா ஒரு கணம் யோசித்தாள். "ஒண்ணு சிஸ்டர். மத்தியானம் ஐயாவுக்குச் செருப்பு இறுக்கமா இருந்துச்சு. கால் வீங்கின மாதிரி. சாயங்காலம் உங்களுக்குப் போன் பண்ணலாம்னு இருந்தேன்."

கஸ்தூரியின் கண்கள் பளபளத்தன. பிராமியிடம் திரும்பினாள்.

"காலையில அப்பா எப்படி இருந்தாரு?"

"நல்லாத்தான் இருந்தாரு. என்னைப் பொண்ணு பாக்க வந்திருந்தாங்க. ஒன்பது மணிக்கு வந்தவங்க பன்னெண்டு வரைக்கும் பேசினாங்க. அப்பா எழுந்திருக்கவே இல்ல. அவங்க போனதும் எனக்கே ஆச்சரியம்."

"இன்னா ஆச்சரியம்?"

"காலையில அவரால உக்கார முடியாது சிஸ்டர். அந்த மாத்திரை போட்டா அடிக்கடி பாத்ரூம் போகணும். ஆடி மாசம் இதே மாதிரி ஒரு வீட்டுக்காரங்களைக் காலையில வரச்சொல்லி, அப்பா நாலு தடவ எழுந்து போய், அவங்க முகம் சுளிச்சிட்டுப் போயிட்டாங்க. அதனாலதான் இந்தத் தடவ மூணு மணிக்கு வரச்சொல்லி, அப்படியே தீபம் பாத்துட்டுப் போகட்டும்னு இருந்தேன்."

"அப்புறம் ஏன் காலையில வந்தாங்க?"

"அத்தான்தான் நேத்து ராத்திரி போன் பண்ணி மாத்தினாரு. மாமா உக்காருவாரு, எனக்குத் தெரியும், நீ கவலைப்படாதேனு சொன்னாரு."

"ஆடி மாசம் வந்தவங்களைக் கூட்டிட்டு வந்தது யாரு?"

பிராமி மெல்ல தேவகுமார் பக்கம் திரும்பினாள். "அதுவும்... அத்தான்தான்."

தேவகுமார் பையின் வாரை இறுக்கிப் பிடித்தான். "சிஸ்டர், சிலையைத் தேடறதை விட்டுட்டு மாத்திரைக் கதை பேசறீங்களே!"

"சிலையைத்தான் தேடறேன் தம்பி. இன்ஸ்பெக்டர் சார், நயினார் சாயங்காலம் அந்த அறையை விட்டு நகரவே மாட்டார். ராத்திரி உள்தாழ் போட்டுக்குவாரு. அப்ப சரியா தீபம் ஏத்தற நேரத்துக்கு அவர் வெளிய போவார்னு திருடனுக்கு எப்படித் தெரியும்?"

சகாதேவன் நிமிர்ந்தார். "சொல்லுங்க."

"அவரை வெளிய அனுப்பினதே திருடன்தான். நேத்து ராத்திரி ரெண்டு டப்பாவுக்குள்ளயும் மாத்திரையை மாத்தி வச்சிட்டான். காலையில போக வேண்டிய நீர் மாத்திரை போகல. மூணு மணி நேரம் அசையாம உக்காந்தார், கால் வீங்கிச்சு. நாலரைக்குக் கொழுப்பு மாத்திரைக்குப் பதிலா நீர் மாத்திரை உள்ள போச்சு. ஒரு மணி, ஒண்ணரை மணி நேரத்துல அது வேலையைக் காட்டும். தேங்கியிருந்த நீரெல்லாம் ஒரே நேரத்துல இறங்கிச்சு. பிரஷர் மாத்திரையும் உடம்புல இருக்கு. எழுந்து நடந்தா தலை சுத்தாம என்ன செய்யும்? உயிரே போயிருக்கும்."

"டப்பாவைத் தொட்டது இந்தப் பொண்ணுதானே?" என்றான் தேவகுமார்.

"இவளுக்கு மாத்திரையை மாத்தற வேலை எதுக்கு? தினமும் காலையில நயினார் பாத்ரூம் போகும்போதெல்லாம் அந்த அறையில தனியா இருந்து படுக்கை தட்டறவ இவதான். எடுக்கணும்னா என்னிக்கோ எடுத்திருப்பா. பிராமிக்கும் அப்படித்தான். வீட்டுல ஆள் நடமாடற காலை நேரத்துல அந்த அறைக்குள்ள நுழைய முடியாத விருந்தாளிக்குத்தான் எல்லாரும் மாடிக்குப் போற ஒரு சாயங்காலம் வேணும். பொண்ணு பாக்க வந்தவங்க சாயங்காலம் கூடத்துல உக்காந்திருந்தா காரியம் கெட்டுடும். அதனால அவங்களைக் காலைக்கு மாத்தணும். மாமா காலையில உக்காரமாட்டார்னு ஆடி மாசமே பாத்தவன், இந்தத் தடவ உக்காருவார்னு சத்தியம் பண்ணான்னா, நீர் மாத்திரை காலையில போகாதுனு அவனுக்கு மட்டும்தான் தெரியும்!"

தேவகுமார் ஒரே தாவலில் வாசலை நோக்கி ஓடினான். பையை விடவில்லை. சந்திரகலா பக்கத்தில் இருந்த சலைன் ஸ்டாண்டை அவன் காலுக்குக் குறுக்கே தள்ளிவிட்டாள். அவன் தடுமாறி விழ, பை தரையில் மோதியது. துணி மோதிய சத்தமல்ல அது. கணீரென்று ஒலித்தது.

சகாதேவன் பையைப் பிரித்தார். வேட்டி, சட்டை, கம்பளிக்கு அடியில் பார்சுவநாதர்.

"எல்லார் பையையும் பாத்தோம்," என்றார் அவர். "நோயாளி பையைப் பாக்கணும்னு எனக்குத் தோணலையே!"

"மாமா... மாமா விழுவார்னு நினைக்கல," தேவகுமார் தரையில் கிடந்தபடி முனகினான். "திரும்பி வர்ற செருப்புச் சத்தம் கேட்டுச்சு. கையில கிடைச்ச பையில திணிச்சிட்டு மாடிக்கு ஓடிட்டேன். அப்புறம் எடுத்துக்கலாம்னு..."

"யாருக்குக் குடுக்க?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"செங்கம் ரோட்டுல ஒரு ரூம்ல சிலைத் தரகன் இருக்கான்." சகாதேவன் விசில் ஊத, இரண்டு காவலர்கள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு அந்தத் திசையில் ஓடினார்கள்.

சிலையைப் பிராமி உள்ளே கொண்டு போனாள். பெரியவர் ஊசி ஏறாத கையால் அதைத் தொட்டார். பிறகு கேட்டார்: "அந்தப் பொண்ணு சாப்டுச்சா? மத்தியானத்திலேர்ந்து என்கூடவே இருந்துச்சு."

பிராமி வெளியே வந்து சந்திரகலாவின் எதிரில் நின்றாள். கைகள் தாமாகக் குவிந்தன. "நான் உன்னைப் போய்..."

"கையை இறக்குங்க அக்கா." சந்திரகலாவின் குரல் இன்னும் சூடாகத்தான் இருந்தது. "இங்க சொன்னா பத்தாது. உங்க தெருவே வேடிக்கை பாக்கப் பாக்கத்தான் போலீஸ்காரங்க என்னைக் கூட்டிட்டு வந்தாங்க."

பிராமி அரை நிமிடம்கூட யோசிக்கவில்லை. இன்ஸ்பெக்டரிடம் போனாள். "சார், உங்க ஜீப்புல எங்க ரெண்டு பேரையும் எங்க தெருவுக்குக் கூட்டிட்டுப் போங்க. இவ முன் சீட்டுல உக்காரட்டும். நான் பின்னால உக்கார்றேன். வீடு வீடா இறங்கி நானே சொல்றேன்."

"கூட்டத்துல ஜீப் நகர ஒரு மணி நேரம் ஆகும்மா."

"ஆகட்டும் சார்," என்று சொல்லிவிட்டு, சந்திரகலா வாசலில் நின்ற ஜீப்பின் முன் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினாள்.