எலை போடுற எடம்

சூடம் கொளுத்தி அணைத்துச் சத்தியம் செய்கிறேன். கீழே வருவதில் ஓர் எழுத்து பொய்யாக இருந்தாலும் என் நாக்கு அழுகிப் போகட்டும்.

நார்த்தாமலையை மலைத்தொடர் என்று சொன்னால் கொல்லிமலைக்காரன் சிரிப்பான். படுத்த யானைகள் எழுந்திருக்க மறந்துபோன மாதிரி வரிசையாகச் சில மொட்டைப் பாறைகள், அவ்வளவுதான். ஆனால் புதுக்கோட்டையில் ரோடு சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு ஏறி இறங்க வேறு மேடு எது? மணமேல்குடிப் பக்கம் போனால் தரை தோசைக்கல். அதனால்தான் கவியரசன் அந்தச் சனிக்கிழமை மலையடிவாரத்துக்குத் தனியாகக் கிளம்பினான்.

கவியரசன் ஓர் இன்சூரன்ஸ் ஆபீஸ் கிளார்க். ஞாயிறு தோறும் எட்டுப் பேர் சேர்ந்து சைக்கிள் ஓட்டுவார்கள். மறுநாளுக்கான புது வழியைச் சோதித்துப் பார்க்கும் பொறுப்பு இவனுடையது. வீட்டில் மூன்று மாதக் கைக்குழந்தை. "வெயில் ஏறுறதுக்குள்ள வந்துருங்க" என்று மனைவி புவனேஸ்வரி சொல்லித்தான் அனுப்பினாள். கருவேல முள் விடவில்லை. இரண்டு தடவை பஞ்சர் ஒட்டி முடித்து ஆளுருட்டி மலையின் அடிக்கு வரும்போது, வெயில் உச்சந்தலையில் ஆணி அடித்துக்கொண்டிருந்தது. தார் ரோட்டில் அவன் நிழல்கூட இல்லை.

அந்தக் காலத்தில் குற்றவாளிகளை அந்த மலை உச்சியிலிருந்து உருட்டிவிடுவார்களாம். உருண்ட எல்லாரும் குற்றவாளிதானா என்று கேட்க ஆள் இருந்திருக்காது.

சைக்கிள்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. வண்டியை நிறுத்த மாட்டார்கள். வலது மூக்கை ஒரு விரலால் அடைத்து, தலையை இடப்பக்கம் சாய்த்து, ஒரே மூச்சில் சிந்திவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். கேட்டால், அந்த இறுக்கிப் பிடித்த சட்டையில் கைக்குட்டைக்கு எங்கே இடம் என்பார்கள்.

கவியரசனும் சிந்தினான். ரோட்டோரம் இடுப்பளவு உயரத்தில் சருகுக் குவியல் ஒன்று கிடந்தது. பஞ்சாயத்தில் கூட்டிவைத்த குப்பை என்று நினைத்தான். மேலே மட்டும் அன்றைக்குப் பறித்த பச்சைத் தழை கிடந்ததை அவன் யோசிக்கவில்லை. குறி தப்பாமல் நடுக்குவியலில் போய் விழுந்தது.

குவியல் மூக்கை உறிஞ்சியது.

காற்று என்று நினைத்துக்கொண்டு மிதித்தான். காற்றே இல்லை.

கூட்டமாக ஓட்டும்போது, முன்னால் போகிறவனின் பின்சக்கரத்தை உரசுகிற மாதிரி ஒட்டிக்கொண்டு அடுத்தவன் வருவான். முன்னால் இருப்பவன் எதிர்காற்றை வாங்கிக்கொள்வான். பின்னால் இருப்பவனுக்குப் பாதி உழைப்பு மிச்சம். அப்படி யாரோ ஒட்டிக்கொண்டு வருவது கவியரசனுக்கு முதுகில் தெரிந்தது. ஈரமான மூச்சு. சளி கட்டின நெஞ்சு கொழகொழவென்று ஏறி இறங்கும் சத்தம்.

"டேய் முத்துராமா, வெளாட்டா?" என்று திரும்பினான். கூட ஓட்டுகிற சேக்காளிதான் பின்தொடர்ந்து வந்துவிட்டான் என்று நினைப்பு.

ரோடு வெறிச்சென்று கிடந்தது.

பிடரியில் ஒரு சொட்டு விழுந்தது. வெதுவெதுப்பான சொட்டு. விரலால் துடைத்தான். பிடரிக்கும் விரலுக்கும் இடையே நூல் நூலாக இழுத்துக்கொண்டு வந்தது. மழையில் ஊறிய சருகு, செத்த எலி, பிள்ளை கக்கின பால், மூன்றும் சேர்ந்த வாடை. வாயைக் கொப்பளிக்கலாம் என்று பாட்டிலை எடுத்து உறிஞ்சினான். தண்ணீர் வரவில்லை, வெண்டைக்காய்க் கொழகொழப்பாக ஒன்று நாக்கில் வழுக்கிக்கொண்டு வந்தது. பல்லிடுக்கில் ஏதோ மாட்டியது. இழுத்தால் இலை நரம்பு.

குமட்டிக்கொண்டே மிதித்தவன், புளியமரத்தடியில் சர்பத் வண்டியைக் கண்டதும் கும்பிடாத குறையாக நின்றான். கடைக்காரி திலகவதி வெள்ளரிப்பிஞ்சு சீவிக்கொண்டிருந்தாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை. சீட்டுக்குப் பின்னால் பார்த்தாள்.

"அம்மா, ஒரு சர்பத்."

"கொஞ்சம் அங்கிட்டு நில்லுங்க தம்பி. டம்ளர்ல ஒழுகுது."

"என்னது ஒழுகுது?"

"வர்ற வழியில எலை போட்டீங்களா?"

"எலையா? எதுக்கு?"

"போடல. வேற என்னத்தப் போட்டீங்க?"

கவியரசன் கூச்சத்தோடு மூக்கைத் தொட்டுக் காட்டினான்.

"அட கருமமே! சட்டதான் சர்க்கஸ்காரன் சட்டை, ஆளு படிச்ச ஆளுன்னுல்ல நெனச்சேன்." அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "பேரு ஊரு தெரியாம அங்க செத்துக் கெடந்தவருப்பா. தூக்கிப் போட நாதியில்ல. தழைய வெட்டி மூடிட்டுப் போயிட்டாக. அதுலேருந்து போற வாற சனம் ஒரு எலை போட்டுட்டுத்தான் தாண்டும். யாரு எதப் போட்டாலும் வாங்கிக்கிருவாரு. வாங்குனத வச்சுக்க மாட்டாரு. போட்டவங்க வீட்டுலயே கொண்டாந்து குடுத்துருவாரு."

கவியரசன் சிரிக்கப் பார்த்தான். போன் அடித்தது. புவனேஸ்வரி.

"எங்கிட்டு இருக்கீங்க? பாப்பாவுக்குத் திடீர்னு மூக்கடைச்சிருச்சு. பால் குடிக்க முடியல, மூச்சு வாங்குதுங்க." அவள் குரல் இறங்கியது. "மூக்குக்குள்ள பச்சையா ஏதோ தெரியுது. இழுத்தா வந்துக்கிட்டே இருக்கு. எலை மாதிரி."

"ஆட்டோ புடி. ஆஸ்பத்திரிக்குப் போ. இந்தா வாரேன்."

"வீட்டுக்குப் போனீங்கன்னா கூடவே வருவாரு" என்றாள் திலகவதி. "வெயில் சாயிறதுக்குள்ள திரும்பிப் போங்க. போட்டத எடுத்துக்கங்க."

"எடுத்து?"

"எங்கேருந்து வந்துச்சோ அங்க."

"அம்மா!"

"எனக்கே கொமட்டுது. ஒங்க பிள்ளை, ஒங்க மூக்கு. நான் என்ன சொல்ல?"

அவன் திரும்பினான். அத்தனை வேகமாக அவன் எந்தப் போட்டியிலும் மிதித்ததில்லை. பின்னால் ஈர மூச்சு ஒரு சாண் விலகாமல் வந்தது. எதிர்காற்று முழுவதும் இவனுக்கு. அதற்கு உழைப்பே இல்லை.

குவியலின் மேல் ஈக்கள் கறுப்புத் துணி விரித்த மாதிரி உட்கார்ந்திருந்தன. கையை ஓங்கினான். ஈக்கள் எழுந்தன.

அது உள்ளங்கை அளவு வளர்ந்திருந்தது.

பாலாடை மாதிரி மேலே தோல் கட்டியிருந்தது. தோலுக்கடியில் ஏறி இறங்கியது.

மூச்சு விட்டது.

கவியரசன் ஓரமாகப் போய் வாந்தி எடுத்தான். காலையில் தின்ற இட்லியோடு நாலு வேப்பிலையும் விழுந்தன. முழங்கையால் வாயைத் துடைத்தான். பிள்ளையின் மூக்கை நினைத்தான். கடுக்காய் அளவுகூட இருக்காது அந்த மூக்கு. குனிந்து இரண்டு கையாலும் அள்ளினான். நழுவப் பார்த்தது, விடவில்லை. வலது மூக்கை அடைத்தான். இடது மூக்கை அதன் மேல் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு உறிஞ்சினான்.

வழுக்கிக்கொண்டு போகும் என்று நினைத்திருந்தான்.

பிராண்டிக்கொண்டு போனது.

அதற்கு நகம் இருந்தது.

கடைசித் துணுக்கு உள்ளே போனதும் முதுகுக்குப் பின்னால் கேட்ட மூச்சு நின்றது. வேப்பங்கொத்து ஒன்றை ஒடித்துக் குவியலில் வைத்து, தெரிந்த சாமி பேரையெல்லாம் சொல்லிக் கும்பிட்டான். போன் அடித்தது.

"பெருசா ஒரு தும்மல் போட்டுச்சுங்க" என்று புவனேஸ்வரி அழுதுகொண்டே சிரித்தாள். "அம்புட்டும் வெளிய வந்துருச்சு. இப்ப பால் குடிக்கிறா. நீங்க எங்க இருக்கீங்க?"

"பஞ்சர்" என்றான்.

மறுநாள் எட்டுப் பேரும் அதே வழியில் போனார்கள். குவியல் வந்ததும் கவியரசன் எல்லாரையும் நிறுத்தி, ஆளுக்கொரு தழை போடச் சொன்னான். முத்துராமன் விடுவானா?

"என்னடா, மாட்டுக்குத் தீவனமா?"

"போடுறா."

"ஏன்டா?"

"வாய மூடிக்கிட்டுப் போடுறா."

அவன் முகத்தைப் பார்த்ததும் ஆளுக்கொரு கொத்து ஒடித்தார்கள். போட்டார்கள்.

குழந்தை நன்றாக இருக்கிறாள். இப்போது தவழ்கிறாள். கவியரசனுக்கும் குறையொன்றும் இல்லை. காது மூக்கு தொண்டை டாக்டர் ஒருவர் லைட் அடித்துப் பார்த்து, எல்லாம் சுத்தம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். போன வாரம் குளிக்கப் போனவனுக்கு என்ன தோன்றியதோ, மூச்சை இறுக்கி அடக்கிக்கொண்டு நிறைவாளித் தண்ணீருக்குள் முகத்தை முக்கினான்.

வலது மூக்கில் ஒன்றுமில்லை.

இடது மூக்கிலிருந்து மட்டும் குமிழ்கள் வந்துகொண்டே இருந்தன. அவசரமில்லாமல், ஒன்றன்பின் ஒன்றாக. தூங்குகிறவன் மூச்சு மாதிரி.

மலையடியிலும் குளியலறையிலும் நடந்ததைக் கவியரசன் இன்றுவரை ஒரு மனிதரிடமும் சொன்னதில்லை. எனக்கு அவன் சொல்லத் தேவையே இல்லை.