வெர்னா எழுதாத கடிதம்

"என் கதவுல 'விலைபோனவ'ன்னு சிவப்பு பெயின்ட்ல எழுதியிருக்காங்க மேடம். பத்தொம்பது வருஷமா இருக்கற வீடு. இன்னிக்கு ஏழு மணிக்கு ஓட்டெடுப்பு. அதுக்கப்புறம் சாகறவரைக்கும் எனக்கு இந்தப் பேருதான்."

வெர்னா புரூயிட் அழுது ஓய்ந்துதான் வந்திருந்தாள். அவளை அழைத்து வந்தவன் ட்வைட், அந்தத் தெருவின் தபால்காரன். துப்பு என்றால் விடுமுறை நாளில்கூடத் தூங்க மாட்டான். அவர்கள் எதிரே இருந்த ஹேசல் டாம்சாக், முப்பது வருடம் இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கணக்குகளைப் பிடித்து ஓய்வு பெற்றவள்.

கார்வெல் நகரமே இரண்டு மாதமாக இதே பேச்சுதான். கடைத்தெரு நடுவில் இருக்கும் பழைய கெஸ்லர் கட்டடத்தை இடித்துவிட்டு, நானூறு மாணவர்களுக்கு விடுதி கட்ட ஒரு கம்பெனி வந்திருந்தது. இருபது வருடத்துக்குச் சொத்து வரி தள்ளுபடி கேட்டது. மாணவர்கள் வந்தால் கடைகள் பிழைக்கும் என்றார்கள் கடைக்காரர்கள். பள்ளிக்கூடத்தை நடத்தும் அந்த வரி போனால் வாத்தியார்கள் போவார்கள் என்றார்கள் பெற்றோர்கள். கெஸ்லரில் இருந்த பதினான்கு குடும்பங்களோ, "நாங்க எங்க போறது?" என்று கேட்டன. அவர்களைத் திரட்டியவள் வெர்னா.

ஒன்பது நகர மன்ற உறுப்பினர்களில் நான்கு பேர் ஆதரவு, நான்கு பேர் எதிர்ப்பு; ஒருவர் மட்டும் மதில்மேல் பூனையாக இருந்தார். குடியிருப்போர் சம்மதித்தால் ஆதரிப்பேன் என்றார். போன செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தின்போது வெர்னா ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலையில் இருந்தாள். அவள் பெயரில் ஒரு கடிதம் அங்கே வாசிக்கப்பட்டது.

ஹேசல் நகலைப் படித்தாள். 'பிப்ரவரியில் என் குழாயில் பதினோரு நாட்கள் வெந்நீர் வரவில்லை. இந்தக் கட்டடம் இருந்தென்ன, போயென்ன? வரிச்சலுகை கொடுங்கள். நாங்கள் காலி செய்யத் தயார்.' இரண்டாம் தாளில் ஒரே வரி: 'யோசித்து வாக்களியுங்கள்.' கீழே கையெழுத்து.

"கையெழுத்து உன்னுதா?"

"என்னுதுதான். அதனாலதான் ஒருத்தரும் நம்ப மாட்டேங்கறாங்க. நான் எழுதினது எதிர்த்து, மேடம்! கீழ முடிவெட்டற ரூபன் டைப் பண்ணான். படிச்சுப் பாத்து, பின் அடிச்சு, கையெழுத்துப் போட்டேன். எதிர்வீட்டு கொரீன் கொண்டுபோய் மன்ற ஆபீஸ்ல கொடுத்தா. போற வழியில மருந்து வாங்க வேண்டியிருந்ததால, ஒரு மணி நேரம் ரூபன் கடையில வெச்சுட்டுப் போனாளாம்."

"நகல் பத்தாது. அசலைப் பாக்கணும்," என்று ஹேசல் கோட்டை மாட்டிக்கொண்டாள்.

மன்ற அலுவலகத்தில் இரண்டு தாள்களையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். முதல் தாளில் பின் குத்திய துளை ஒரு ஜோடி. இரண்டாம் தாளில் இரண்டு ஜோடி.

"பிரிச்சு, முதல் தாளை மாத்தியிருக்காங்க!" ட்வைட் துள்ளினான். "ரூபன்தான் மேடம். கம்ப்யூட்டர் அவன் கடையில இருக்கு."

"அந்தக் கம்ப்யூட்டரைக் கட்டடமே உபயோகிக்குதே, ட்வைட்."

பிறகு வெர்னாவின் வீட்டுக்குப் போனார்கள். சமையலறைக் குழாயில் கை கழுவப்போன ஹேசல் சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள்.

"பாத்து மேடம்! முன்பக்க வீடுங்களுக்குத் தனி பாய்லர். வருஷம் முழுக்க இப்படித்தான் கொதிக்கும்."

ஹேசல் கையைத் துடைத்தபடி, "அஞ்சு மணிக்கு எல்லாரும் ரூபன் கடைக்கு வரணும்," என்றாள்.

ரூபன் அகோஸ்டா எடுத்த எடுப்பிலேயே பொங்கினான். "இந்தக் கடை போனா எதிர்ல போட்டுக்கலாம். நானூறு தலை இந்தத் தெருவுக்கு வந்தா எனக்குக் கசக்குமா? வரட்டும்னுதான் நெனச்சேன். அதுக்காக வெர்னா கழுத்தை அறுப்பேனா?"

கொரீன் யோடர் கதவோரம் நின்றாள். "சீக்கிரம் சொல்லுங்க, மேல என் வீட்டுக்காரர் லைல் தனியா இருக்கார்."

"ஒரே கேள்விதான்," என்றாள் ஹேசல். "ரூபன், பிப்ரவரியில இங்க எத்தனை நாள் வெந்நீர் இல்ல?"

"எனக்கென்ன தெரியும்? நான் ஆத்துக்கு அந்தப் பக்கம் குடியிருக்கேன். ஒரு வாரம் இருக்குமா?"

"பதினோரு நாள்," என்றாள் கொரீன்.

ஹேசல் அவள் பக்கம் திரும்பினாள்.

"வெர்னா குழாயில ஒரு நாள்கூட நிக்கல," என்றாள் ஹேசல் மெதுவாக. "கொரீன் வீடு இருக்கற பின்பக்கம்தான் நின்னுச்சு. வெர்னா பேர்ல எழுதினவங்க தன்னோட கஷ்டத்தை எழுதிட்டாங்க. கடிதம் ரெண்டு பேர் கைக்குத்தான் போச்சு. அதுல நாளை எண்ணி வெச்சிருந்தது ஒருத்தர்தான்."

கொரீன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "எண்ணாம என்ன பண்றது? பாத்திரம் பாத்திரமா சுடவெச்சு அவரைக் குளிப்பாட்டினவ நான். லிஃப்ட் நின்னு பதினாலு மாசமாச்சு. அவர் மூணாம் மாடியை விட்டு இறங்கவே இல்ல. வெர்னா வாயை மூடினா, வேற கட்டடத்துல தரைத்தளத்துல வீடு தரேன்னு கம்பெனி ஆள் சொன்னான்."

"எழுதிக் கொடுத்தானா?"

"இல்ல."

வெர்னா அவள் முன்னால் வந்து நின்றாள். "என் கதவுல எழுதினது?"

"சத்தியமா நான் இல்ல. ஆனா அதைப் பாத்துட்டுத் துடைக்காமப் போனேன்."

வெர்னா இன்னும் ஓர் அடி நெருங்கினாள். அடிப்பாள் என்றுதான் ட்வைட் நினைத்தான். "மன்றத்துல வந்து இதைச் சொல்லு," என்றாள் அவள்.

"அவரை விட்டுட்டு வர முடியாது வெர்னா. போன தடவை கீழ விழுந்துட்டார்."

"அப்ப அவரையும் தூக்கிட்டுப் போவோம்."

ரூபனும் ட்வைட்டும் முன்னால் பிடிக்க, வெர்னாவும் கொரீனும் பின்னால் பிடிக்க, சக்கர நாற்காலி படிப்படியாக இறங்கியது. "மெதுவா ட்வைட், நான் பார்சல் இல்ல," என்றார் லைல். இரண்டாம் மாடியில் கொரீன் அவரிடம் உண்மையைச் சொன்னாள். அதன்பின் கீழே வரும்வரை அவர் சுவரையே பார்த்துக்கொண்டு வந்தார்.

மன்றத்தில் பேச ஆளுக்கு மூன்று நிமிடம். "அந்தக் கடிதம் வெர்னா எழுதினதில்ல. நான் எழுதினது," என்றாள் கொரீன். "வெந்நீர் மட்டும் நிஜம். லிஃப்டும் இல்ல. அதோ என் வீட்டுக்காரர்."

மதில்மேல் இருந்தவர் எதிர்த்து வாக்களித்தார். வெர்னா மூச்சு விட்டாள். ஆனால் அதுவரை எதிர்த்துவந்த இன்னொருவர் லைலையே பார்த்தபடி, "மனுஷன் இறங்க முடியாத கட்டடத்தை நாம ஏன் காப்பாத்தணும்?" என்று ஆதரவாகக் கையைத் தூக்கிவிட்டார். ஐந்துக்கு நான்கு. வரிச்சலுகை நிறைவேறியது. குடியிருப்போருக்குத் தொண்ணூறு நாள் அவகாசம்.

வெளியே குளிர் ஏறியிருந்தது. "கண்டுபிடிச்சும் தோத்துட்டோமே மேடம்," என்றான் ட்வைட். ஹேசல் கோட்டின் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டாள். பொய்யைப் பிடித்துத்தான் அவளுக்குப் பழக்கம். உண்மை ஒருத்தியைக் கவிழ்த்ததை அன்றுதான் பார்த்தாள்.

கொரீன் சக்கர நாற்காலியின் பிடியைப் பற்றியபடி நின்றாள். லைல், தெருவில் போகும் பஸ்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெர்னா கோட்டைக் கழற்றி அவர் மடியில் போர்த்தினாள். கொரீனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"நாளைக்கே வீடு தேட ஆரம்பிக்கணும்," என்றாள், பொதுவாக. "தரைத்தளமா."