மூன்றாவது கஸ்தூரி

இரண்டு டெர்மினல்களில் ஓட்டிய சோதனைக்கு மூன்று விடைகள் வந்திருந்தன.

கஸ்தூரி திரையை நெருங்கிப் பார்த்தாள். முதல் வரி அவளுடையது. இரண்டாவது, பின்னால் உட்கார்ந்திருந்த வசந்தகுமாரியுடையது. மூன்றாவது யாருடையது என்று தெரியவில்லை. மூன்றிலும் 'கஸ்தூரி' என்றுதான் போட்டிருந்தது. அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் இருந்த அந்தக் கம்பெனியில் புதிதாக ஒருவருக்குப் பாஸ்வேர்டு வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். அதனால் எல்லோரும் அவள் பெயரிலேயே கம்ப்யூட்டருக்குள் போவார்கள், அவளும் கண்டுகொள்ள மாட்டாள். ஆனால் மூன்றாவது டெர்மினல் மூலையில் பிளாஸ்டிக் உறை போர்த்திக் கிடந்தது. சுவரில் மழைத் தண்ணீர் கசிகிறதென்று காலையில் அவளே அதன் பிளக்கைப் பிடுங்கிப் போட்டிருந்தாள்.

"வசந்தா, மூணாவதுல யாராச்சும் உட்கார்ந்தாங்களா?"

"யாரு இருக்காங்கக்கா இங்க? நீங்களும் நானும்தான்."

செக்‌ஷன் தலைவர் கஜபதி உள்ளே வந்தார். மறுநாள் பம்பாயிலிருந்து ஆட்கள் வந்து பார்க்கப்போகிறார்கள் என்ற படபடப்பு அவருக்கு. "ரெண்டு பேர் ஒரே நேரத்துல ஸ்டாக் கணக்கைத் தொட்டா இவ்ளோ மெதுவா ஆகுதே, ஏம்மா?"

"பூட்டு இருக்கு சார். ஒருத்தர் முடிக்கிற வரைக்கும் அடுத்தவர் காத்திருக்கணும்." ஒண்டுக்குடித்தனத்துக் குளியலறை மாதிரிதான் அது. உள்ளே இருப்பவர் தாழ்ப்பாளைத் திறந்தால்தான் வெளியே நிற்பவருக்கு வழி.

"பூட்டை எடுத்துட்டு ஓட்டு."

"எடுத்தா ரெண்டு பேரும் ஒரே கணக்கை வெச்சு வேலை பார்ப்பாங்க சார். கடைசியா எழுதறவங்களோடதுதான் நிக்கும். முதல்ல எழுதினது சொல்லாம கொள்ளாம அழிஞ்சிடும்."

"நாளைக்கு ஒரு நாள் காட்டத்தானேம்மா. எடு."

வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. இந்த வாரம் முழுக்க அவள் வீடு போய்ச் சேருவதற்குள் மகள் வரலட்சுமி பக்கத்து வீட்டுத் தாயம்மாவின் பாயிலேயே தூங்கிப்போயிருந்தாள். கணவன் தேவராஜுக்கு ஆவடி ஃபாக்டரியில் ராத்திரி ஷிப்ட். காலையில் குழந்தை முந்தானையை விடவே இல்லை. இன்னிக்கு நீதான் ரெட்டைச் சடை பின்னி விடணும் என்று அழுதாள். சத்தியம் செய்து கொடுத்துவிட்டுத்தான் கிளம்ப முடிந்தது. ஆபீசுக்கு ஒருத்தி, வீட்டுக்கு ஒருத்தி என்று இன்னொரு கஸ்தூரி இருந்தால் தேவலை என்று அலுத்துக்கொண்டே பூட்டை எடுத்தாள்.

"ரெடி. ஒன், டூ, த்ரீ."

அவளும் வசந்தாவும் ஒன்றாக எண்டரைத் தட்டினார்கள். தட்டிய சத்தம் மூன்று கேட்டது. மூன்றாவது ஒரு நூல் பிந்தி, மூலையிலிருந்து. ஏசியின் உறுமலுக்கும் ஊறிய சுவரின் வாடைக்கும் நடுவே அந்தப் பக்கத்திலிருந்து தேங்காய் எண்ணெயும் வாடிய கனகாம்பரமும் கலந்து ஒரு வாசனை வந்தது. கஸ்தூரிக்கு அது தன் தலையின் வாசனை என்று தெரிந்தது. உறைக்குள் பச்சையாக ஏதோ மினுங்கி அணைந்தது.

கஜபதிக்கு ஒரே சந்தோஷம். நேரம் பாதியாகக் குறைந்திருந்தது. மூன்றாவது வரியை அவர் பார்க்கவே இல்லை. அதுதான் கடைசியாக எழுதியிருந்தது.

அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். ஆணியில் மாட்டியிருந்த குடையைக் காணோம். கேட்டில் வாட்ச்மேன் வேம்புலி அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னாம்மா, இப்பதானே கொடையப் புடிச்சிகினு போனே? எப்ப திரும்ப உள்ள வந்தே?"

மழையில் நனைந்துகொண்டே ஸ்டேஷனுக்கு ஓடினாள். ரயிலில் ஈரத் துணியும் மெஷின் ஆயிலும் மணக்க, கூட்டம் பிதுங்கியது. அவளை மட்டும் யாரும் இடிக்கவில்லை, தள்ளி நிற்கச் சொல்லவும் இல்லை. திருமுல்லைவாயிலில் இறங்கி நேராகத் தாயம்மா வீட்டுக்கு ஓடினாள்.

தாயம்மா கதவைத் திறந்தாள்.

"நான்தான்க்கா. குழந்தையக் கூட்டிட்டுப் போக வந்தேன்."

தாயம்மா கண்ணை இடுக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். "கொழந்தைய அவங்கம்மா அப்பவே வந்து இட்டுகினு பூட்டாளே. நீ யாரும்மா? ஏரியாவுக்குப் புச்சா?"

நான்கு வருஷமாக அவளுக்குக் காப்பி கலந்து கொடுத்த கை, கதவைச் சாத்தியது.

அவள் வாழ்ந்து எழுதியதன் மேல் வேறு யாரோ எழுதிக்கொண்டிருந்தார்கள். பூட்டைத் திரும்பப் போட்டால் மிச்சமாவது நிற்கும். முனையிலிருந்த டெலிபோன் பூத்துக்கு ஓடி ஆபீசுக்குப் போன் செய்தாள்.

"வசந்தா, பூட்டைப் போட்டுடு. உடனே போடு."

"யாருங்க பேசறது?"

"கஸ்தூரிடி."

"விளையாடாதீங்க. அக்கா வீட்டுக்குப் போய்ட்டாங்க. இப்பதான் போன் பண்ணி அவங்களே பூட்டைப் போடச் சொன்னாங்க. போட்டுட்டேன்."

ஓடினாள்.

சந்து. சேறு. வீட்டில் விளக்கு எரிந்தது. வாசற்படியில் அவள் குடை, விரித்தபடி, சொட்டிக்கொண்டு.

தள்ளினாள். தாழ்ப்பாள் போட்டிருந்தது.

தட்டினாள். கத்தினாள். உள்ளே பாட்டு முணுமுணுக்கும் குரல் நிற்கவில்லை. அவள் குரல்.

ஜன்னல் கம்பிக்குள் வரலட்சுமியின் முகம் தெரிந்தது. ஒரு சடை பின்னி முடிந்திருந்தது. மறுபக்கம் முடி விரிந்து கிடந்தது. குழந்தை அவளை நேராகப் பார்த்தாள். பிச்சைக்கு வந்தவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"அம்மா, வெளிய ஒருத்தங்க நிக்கிறாங்க. அழுவுறாங்க."

"நிக்கட்டும்டி கண்ணு. நான் முடிக்கிற வரைக்கும் காத்திருக்கணும்."

குழந்தையின் பின்னாலிருந்து ஒரு கை வந்தது. அவளுடைய வளையல். அவளுடைய விரல்கள். விரிந்த முடியை மூன்றாகப் பிரித்து நிதானமாகப் பின்னியது. நுனி வரை வந்தது. ரிப்பனை எடுத்தது.

பிறகு மொத்தத்தையும் அவிழ்த்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து பின்னத் தொடங்கியது.