தலைமாட்டில் மாப்பிள்ளை

கார் நிறுத்த இடம் கிடைக்காமல் நாலு தெரு சுற்றிய கதையை நர்ஸ் ஒருத்தி சொல்லிக்கொண்டிருந்தாள். பஸ் டிரைவருக்கு முதலில் அதில் தப்பு ஒன்றும் தெரியவில்லை. காலமெல்லாம் கேட்ட புலம்பல்தானே என்று கேட்டுக்கொண்டு கிடந்தார். கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது. இது தனக்குக் கேட்கவே கூடாது.

அவருக்கு ஆபரேஷன். வயிற்றுக்குள் ஓடும் பெரிய ரத்தக்குழாய் புடைத்துப்போய், எந்த நேரம் வெடிக்குமோ என்றிருந்தது; அதற்குப் பதில் வேறு குழாய் வைத்துத் தைப்பதாகச் சொல்லியிருந்தார்கள். முடிந்துவிட்டதோ? கண்ணைத் திறக்கலாமென்றால் இமைமேல் பிளாஸ்திரி. நாக்கைப் புரட்டலாமென்றால் தொண்டை வரைக்கும் ரப்பர் கசப்போடு ஒரு குழாய். அவரைக் கேட்காமலே மெஷின் அவருக்குள் மூச்சை ஊதுவதும் விடுவதுமாக இருந்தது. தலைக்குப் பக்கத்தில் மானிட்டர் அவருடைய நாடியை பீப், பீப் என்று எண்ணிக்கொண்டிருந்தது. அப்போது வயிற்றுக்குள் ஒரு கை நுழைந்து, பைக்குள் சாவியைத் தேடுவதுபோல் எல்லாவற்றையும் ஒதுக்கித் துழாவியது.

ஐயோ!

அலறல் வாய் வரைக்கும் வரவில்லை. பீப் சத்தம் மட்டும் வேகம் பிடித்தது.

இதற்குப் பயந்துதான் ஆபரேஷனே வேண்டாம் என்று அடம்பிடித்தார். பாதியில் முழிப்பு வந்துவிட்டால்? மயக்க மருந்து டாக்டர் வேறு யாருமில்லை, சொந்தத் தங்கையின் புருஷன். அன்றைக்கு வீட்டில் அத்தனை பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டபோது, கட்டினால் இவருக்குத்தான் கட்டிவைக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவர் இந்த டிரைவர்தான். மாப்பிள்ளை அதை மறக்கிற ஆளில்லை. காலையில் கட்டிலில் வந்து உட்கார்ந்து, பிரஷர் பார்க்கிற மாதிரி ஒரு பட்டையை அவர் வலது கையில் சுற்றிக் காட்டினார்.

"உடம்பு அசையாம இருக்க ஒரு மருந்து போடுவேன் மச்சான். போடுறப்பல்லாம் இந்தப் பட்டையை இறுக்கிடுவேன், மருந்து இந்தக் கைக்கு மட்டும் வராது. முழிப்பு வந்தா என் கையை அமுக்குங்க. கத்தியை நிறுத்தச் சொல்லிட்டுத்தான் மறுவேலை."

"சத்தியமா?"

"தலைமாட்டுலயே இருப்பேன் மச்சான்."

வலது கை! விரலை அசைத்துப் பார்த்தார். அசைந்தது. உள்ளங்கையில் மாப்பிள்ளையின் கை கதகதவென்று இருந்தது. இருக்கிற பலத்தையெல்லாம் சேர்த்து அமுக்கினார்.

அந்தக் கை ஒரு கணம் விறைத்தது. பிறகு திருப்பி அமுக்கியது.

அப்பாடா! தெரிந்துவிட்டது. என் தங்கம், நீ நல்லா இருக்கணும் என்று மனசுக்குள் ஆயிரம் தடவை வாழ்த்தினார்.

"சார்..." என்றார் மாப்பிள்ளை.

"என்னப்பா?" சர்ஜனின் குரல் சுள்ளென்று வந்தது. "இன்னைக்கும் பாதியில நிறுத்தச் சொல்லப் போறியா? போன தடவை பட்டது போதாதா? இன்னொரு தடவை அப்படிச் சொன்னா, இந்தத் தியேட்டர் பக்கமே நீ வர வேண்டாம்."

மெஷின் ஒரு மூச்சு ஊதியது. இன்னொரு மூச்சு.

"இல்ல சார். ஒண்ணுமில்ல."

ஒன்றுமில்லையா? டிரைவர் மறுபடி அமுக்கினார். நகம் பதிய அமுக்கினார். காதோரம் சூடாக மூச்சு பட்டது.

"ரத்தம் போய் பிரஷர் இறங்கிக் கிடக்கு மச்சான். இப்ப மயக்கம் ஏத்தினா தாங்க மாட்டீங்க. கொஞ்சம் பொறுத்துக்கோங்க."

பொறுப்பதா? அடப்பாவி, கத்தியை நிறுத்தச் சொல்லுடா!

"வயிறு இறுகுது. அசையாம இருக்க இன்னும் மருந்து போடு," என்றார் சர்ஜன்.

போடட்டும். பட்டை இறுகும், கை தப்பிக்கும். காத்திருந்தார். இறுகவில்லை. மறந்துவிட்டாரோ? மாப்ள, பட்டை! மாப்பிள்ளையின் கையை இறுகப் பற்றியிருந்த அவர் விரல்களை, குழந்தை கையிலிருந்து பொம்மையை எடுப்பதுபோல், மாப்பிள்ளையே மற்றக் கையால் ஒவ்வொன்றாகப் பிரித்தார். மறக்கவில்லை. வேண்டுமென்றே.

மருந்து ஏற ஏற, சுண்டுவிரல் மரத்துப் போனது. நடுவிரல். கட்டைவிரல். வலி மட்டும் போகவில்லை.

"பல்ஸ் ஏன் இப்படி ஓடுது?"

"ரத்தம் போயிருக்குல்ல சார். அப்படித்தான் ஓடும்."

"ஆள் தூங்குறாரா?"

"நல்லாத் தூங்குறாரு."

பொய். பச்சைப் பொய். தங்கையைக் கொடுத்தேனேடா உனக்கு! இனி அவருக்கென்று மிச்சமிருந்தது அந்த பீப் சத்தம் ஒன்றுதான். அதிலேயே கத்தினார். பீப் பீப் பீப் பீப்.

"அந்தச் சனியனைக் குறைப்பா. தலை வலிக்குது."

பொத்தான் அமுங்கியது.

சத்தமில்லை.

கத்தரி. நூல். இழுப்பு. மறுபடி இழுப்பு.

வலது கண்ணின் பிளாஸ்திரி பிரிந்தது. ஒரு விரல் இமையைத் தூக்கியது. டார்ச் வெளிச்சம், அது விலகியதும் முகமூடிக்கு மேலே மாப்பிள்ளையின் கண்கள். அவை இவரைப் பார்த்தன. இவர் பார்ப்பதையும் பார்த்தன. நிறைந்தன. ஒரு சொட்டு இவர் கன்னத்தில் விழுந்தது.

கையுறை விரல் அதைத் துடைத்தது. இமையை இறக்கியது. பிளாஸ்திரியை மறுபடி வைத்து, எங்கும் பிரிந்துவிடாதபடி, ஓரமெல்லாம் நிதானமாக அழுத்தித் தேய்த்தது.