இரண்டாம் அடிக்கு வெடித்த தோட்டாக்கள்

டெஸ் ஹோகன் கதவைத் தட்டவில்லை. நேராகச் சமையலறைக்குள் வந்து நின்று, நாளைக் காலைக்குள் தன்னை வீட்டைவிட்டுப் போகச் சொல்லிவிட்டார் மாமனார் என்றாள். அடுப்பில் பான்கேக் புரட்டிக்கொண்டிருந்த ஐடா ரஸ்மஸன் கண்ணாலேயே நாற்காலியைக் காட்டினார்.

மொன்டானா மலைக்காடுகளில் வேட்டைக் காவல் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர் ஐடா. பெல் க்ரீக்கில் யாருக்கு என்ன சிக்கல் வந்தாலும் ஷெரீஃபைத் தேடுவதற்கு முன் அவரைத்தான் தேடுவார்கள். அவருடைய சித்தப்பா மகன் டூயி, லாரி ஓட்டாத நாளெல்லாம் அங்கேதான் கிடப்பான். துப்பறிவதில் அவனுக்கு ஆசை மலையளவு, பொறுமை கடுகளவு. டெஸ் வாயைத் திறந்ததுமே தட்டைத் தள்ளிவைத்துவிட்டான்.

மாமனார் ஆர்விட் தன் தோட்டாக்களைத் தானே தயாரிப்பவர். ஞாயிற்றுக்கிழமை நடந்த மாவட்டப் போட்டியில் அவருடைய தோட்டாக்கள் சில மக்கர் பண்ண, பல வருடமாக அவர் கையில் இருந்த கோப்பை கைமாறிப்போனது. வீட்டுக்கு வந்து பார்த்தால், கராஜில் தோட்டா மேசைமேல் எண்ணெய் டப்பா கவிழ்ந்து கிடந்தது. தையல் மெஷினுக்கு எண்ணெய் எடுக்கப் போனது தான்தான் என்று டெஸ் ஒப்புக்கொண்டாள். பிறக்கப்போகும் குழந்தைக்கு இடம் வேண்டும், அந்த மேசையைத் தூக்கிப் போடுங்கள் என்று முந்தின வாரம் சண்டை போட்டவளும் அவள்தான். வேண்டுமென்றே எண்ணெயை ஊற்றித் தோட்டாவைக் கெடுத்தாள் என்று ஆர்விட் முடிவுகட்டிவிட்டார்.

"உன் புருஷன் என்ன சொன்னான்?" என்று கேட்டார் ஐடா.

"நெல்ஸா? ஒன்னும் சொல்லல அக்கா. ப்ளேட்டப் பாத்துட்டே உக்காந்திருந்தான்."

டூயிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கோப்பையை ஜெயித்தவன்தான் எண்ணெய் ஊற்றியிருப்பான் என்று அந்த நிமிடமே ஒரு குற்றவாளியைப் பிடித்துக் கொடுத்தான். ஐடா அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல், மக்கர் பண்ணும்போது சரியாக என்ன நடந்தது என்று கேட்டார்.

"டிக்னு சத்தம் மட்டும் வந்துச்சு, வெடிக்கல. மாமா கொஞ்ச நேரம் குழலை இலக்குப் பக்கமே நீட்டி வச்சிருந்தார். அப்புறம் துப்பாக்கிப் பூட்டோட கைப்பிடியைத் தூக்கி இறக்கி மறுபடி விசையை இழுத்தார். அப்ப வெடிச்சுது. ஆனா கை ஆடிப்போய் குறி தப்பிடுச்சு. நாலு தடவ அப்படியே ஆச்சு."

ஐடா அடுப்பை அணைத்தார்.

ஆர்விட்டின் கராஜ் கோயில் மாதிரி சுத்தமாக இருந்தது. மருமகளைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது. ஆனாலும் வந்தவர்களுக்குக் காபி கொடுக்காமல் இருக்க அவரால் முடியாது. விறகடுப்பின் மேலிருந்த தகரக் கெட்டிலின் வயிற்றை வெறும் விரலால் தாங்கிப் பிடித்து ஊற்றிக் கொடுத்தார். டூயி காபிக் கோப்பையைத் தொட்டதும் சுள்ளென்று சுட்டு, அவசரமாக மேசைமேல் வைத்தான்.

"கையில என்ன கொப்புளம், ஆர்விட்?" என்றார் ஐடா.

ஆர்விட் தன் கையைத் திருப்பிப் பார்த்தார். ஆள்காட்டி விரல் நுனியில் பெரிய கொப்புளம். இப்போதுதான் பார்க்கிறவர்போல விழித்துவிட்டு, கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

தோட்டாவின் அடியில் பிரைமர் என்று ஒரு குட்டி மூடி இருக்கும். ஊசி அதைக் குத்தினால்தான் உள்ளே இருக்கும் மருந்து பற்றும். அதைச் சரியாகப் பொருத்தினாரா என்று ஐடா கேட்டதும் ஆர்விட்டுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"முப்பது வருஷமா பண்றேன். ஒவ்வொன்னையும் விரலால தடவிப் பாத்துதான் பெட்டில போடுவேன். ஒரு மயிரிழை மேல நின்னாலும் என் விரலுக்குத் தெரியும். எங்கிட்டயா கேக்கற?"

டூயிக்கு அது நியாயமாகவே பட்டது. அப்படியானால் எண்ணெய்தான் என்று நினைத்து, டெஸ்ஸைப் பாவமாகப் பார்த்தான்.

"போட்டிக்குப் பண்ணினதுல மிச்சம் இருக்கா?" என்று கேட்டார் ஐடா.

"மூடின பெட்டி ஒன்னு அலமாரில இருந்துச்சு. அதுல எண்ணெய் படல. காலையில நெல்ஸ் சுடற மைதானத்துக்கு எடுத்துட்டுப் போயிட்டான்."

"எந்தத் துப்பாக்கிக்கு?"

"எங்கப்பாவோட பழைய பட்டாளத் துப்பாக்கி. என்னுதுக்கும் அதுக்கும் ஒரே அளவுதானே."

டூயி ஐடாவின் முகத்தைப் பார்த்தான். இத்தனை வருடத்தில் அந்த முகம் வெளுத்து அவன் கண்டதில்லை.

"டூயி, வண்டிய எடு."

நான்கு பேரும் ஏறினார்கள். டெஸ் போன் போட்டுக்கொண்டே இருந்தாள். காதை மூடிக்கொண்டு சுடுகிறவனுக்கு மணி அடித்தால் எங்கே கேட்கும்? மண் சாலையில் டூயி வண்டியை விரட்டிய விரட்டலில் எலும்பெல்லாம் கழன்றுவிடும்போல் இருந்தது. என்ன ஆபத்து என்று தெரியாவிட்டாலும் அவனுக்கு அதில் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது.

மைதானத்தில் நெல்ஸ் மட்டும்தான் இருந்தான். துப்பாக்கி திறந்திருந்தது. தகரக் கிளிப்பில் கோத்த தோட்டாக் கொத்தைக் கையில் எடுத்து, துப்பாக்கிக்குள் மேலிருந்து அழுத்தக் கட்டைவிரலை வைத்துவிட்டான். டூயி ஹாரனுக்குக் கையைக் கொண்டுபோனான். ஐடா அந்தக் கையைப் பிடித்துத் தடுத்தார்.

"வேணாம். திடுக்கிட்டா அழுத்திடுவான்."

ஓடிப்போய்க் கம்பத்தில் சிவப்புக் கொடியை ஏற்றினார். சிவப்புக் கொடியைக் கண்டால், யார் ஏற்றியது என்று கேட்காமல் எல்லாவற்றையும் கீழே வைத்துவிட்டுப் பின்னால் வர வேண்டும். பெல் க்ரீக்கில் நடக்கத் தொடங்கிய குழந்தைக்கும் அது தெரியும். கொடி படபடத்தது. நெல்ஸ் நிமிர்ந்து பார்த்தான், தோட்டாக் கொத்தை மேசைமேல் வைத்தான், பின்னால் வந்து நின்றான். டெஸ் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஐடா தோட்டாக்களைக் கழற்றி ஒவ்வொன்றாக மேசைமேல் நிமிர்த்தி நிற்க வைத்தார். பாதி அசையாமல் நின்றன. பாதி, கால் உயரம் சரியில்லாத முக்காலிபோல ஆடின.

"ஆடறதுல எல்லாம் பிரைமர் முழுசா உள்ள போகாம மேல நிக்குது. எண்ணெய் ஊறிச் செத்த பிரைமரை ரெண்டாவது தடவ குத்தினாலும் அது பெரும்பாலும் செத்ததுதான். ஆனா நாலும் ரெண்டாவது அடிக்கு வெடிச்சிருக்கு. முதல் அடியோட பலமெல்லாம் பிரைமரை உள்ள தள்றதுலயே போயிடுச்சு. ரெண்டாவது அடிதான் பத்த வச்சிருக்கு. டெஸ்ஸோட எண்ணெய்க்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

"தாத்தாவோட துப்பாக்கிலயும் டிக்னுதானே சொல்லியிருக்கும்?" என்றான் நெல்ஸ்.

"உங்கப்பாவோடது கையால மெதுவாப் பூட்டறது. இது தானாப் பூட்டிக்கும், படார்னு வந்து அடிக்கும். பிரைமர் மேல நின்னா, பூட்டு முழுசா விழறதுக்குள்ளயே வெடிக்கலாம். அந்த வெடி பின்பக்கமா உன் மூஞ்சிக்குத்தான் வரும்."

நெல்ஸ், வீட்டில் தோட்டா தயாரிக்கும் பிரஸ் கருவியில் வைத்து பிரைமரை இன்னும் கொஞ்சம் அழுத்திவிட்டால் போயிற்று என்றான். ஐடா அவனை முறைத்தார்.

"மருந்தும் குண்டும் உள்ள இருக்கறப்ப பிரைமரை அழுத்தவே கூடாது. அழுத்தறப்ப வெடிச்சா பித்தளைக் கூடு சில்லுசில்லாப் பறக்கும். சுத்தியல் மாதிரி கருவியால தட்டிக் குண்டை எடுக்கறதும் வேணாம். கண்ணாடி போட்டுக்கிட்டு, பிரஸ்ல குண்டை மெதுவா இழுத்து எடுத்துட்டு, மருந்தைக் கொட்டு. மிச்சத்தை அதுக்கப்புறம் பாக்கலாம்."

டூயிக்கு ஒரு முடிச்சு மட்டும் அவிழவில்லை. விரலால் தடவிப் பார்த்தேன் என்றாரே, அது பொய்யா?

"பொய் இல்ல," என்றார் ஐடா. "தடவித்தான் பாத்திருக்கார். கொதிக்கிற கெட்டில் சுட்டதே தெரியாத விரலுக்கு, மயிரிழை எப்படித் தெரியும்?"

ஆர்விட் பைக்குள்ளிருந்து கையை எடுத்தார். குளிர்காலத்திலிருந்தே விரல் நுனிகளில் உணர்ச்சி இல்லை என்றார். சொன்னால் மேசையைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று பயந்து, டாக்டரிடம்கூடச் சொல்லவில்லையாம். மருமகள் பக்கம் திரும்பினார்.

"என் தப்ப உன் தலையில கட்டிட்டேன், டெஸ். நீ எங்கயும் போக வேணாம். மேசைதான் போகணும்."

"மேசை இருக்கட்டும் மாமா. தடவிப் பாக்க எனக்கு விரல் இருக்கு." டெஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, புருஷன் முன்னால் போய் நின்றாள். "உங்கப்பாவுக்கு விரல் மரத்துப்போச்சு, நெல்ஸ். வெளிய போன்னு அவர் என்னைச் சொன்னப்போ உனக்கு என்ன மரத்துப்போச்சு?"

ஆர்விட் மகனுக்காக ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஐடா அவர் தோளில் கைவைத்து, வண்டிப் பக்கம் அழைத்துப் போனார். டூயிக்கு நின்று கேட்க ஆசைதான், ஆனாலும் பின்னாலேயே நடந்தான்.