முகம் பார்க்காமல்

நான் அந்த பங்களாவுக்குப் போனது மத்தியானத்தில்தான். ஆனால் கொடைக்கானலில் ஐப்பசி மத்தியானம் எப்போது வருகிறது, எப்போது போகிறது என்று யாருக்குத் தெரியும்? எங்கள் ஊர் அடுக்கத்திலிருந்து ஏறிவந்த ஜீப் கேட்டில் இறக்கிவிட்டு நகர்ந்ததும் மூடுபனி வந்து அதன் சத்தத்தைக்கூட விழுங்கிவிட்டது. வெள்ளைக்காரன் கட்டிய பழைய கல் வீடு. ஈர மரமும் பாசியும் கலந்த வாடை. அங்கேதான் ஏஜெண்டு கந்தவேல் ஆபீஸ் வைத்திருந்தான். எங்கள் ஊர் ஆட்களை வளைகுடாவுக்குக் கட்டட வேலைக்கு அனுப்புகிறவன்.

அனுப்புகிறவன் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். ஆடு ஏற்றுகிற மாதிரி ஆள் ஏற்றுகிறவன்.

"அண்ணன் யாரையும் பாக்கிறதில்லம்மா," என்றார் வாட்ச்மேன் பொன்னுச்சாமி. "நாலஞ்சு நாளா கதவச் சாத்திக்கிட்டு உள்ளயே கெடக்காரு. சோறுகூட எறங்கல."

"என்னையப் பாப்பாரு. நீங்க நவுருங்க."

என் வீட்டுக்காரர் ஈஸ்வரன் அந்த நாட்டில்தான் செத்துப்போனார். மாரடைப்பு என்றான் கந்தவேல். அங்கேயே அடக்கம் பண்ணிவிட்டார்கள் என்றான். சரி, முகத்தையாவது காட்டு என்றேன். முகம் பார்த்து, வாய்க்கரிசி போட்டு, அழுது தீர்க்காமல் நான் எப்படித் தாலியைக் கழற்றுவேன்?

"போட்டோ அனுப்பிட்டாங்க பரமேஸ்வரி. அந்த நாட்டு நெட்வொர்க்கு வேற, நம்ம நெட்வொர்க்கு வேற. எழுத்து வரும், படம் வராது. நான் என்ன செய்யட்டும்?"

பாவி சொன்னதை நம்பினேன். ஏனென்றால் அவர் உயிரோடு இருந்தபோதும் அப்படித்தான் இருந்தது. வாட்ஸ்அப் எங்கள் மலைக்கு வராத வருஷம் அது. அவர் அங்கிருந்து எம்.எம்.எஸ். அனுப்புவார். என் பட்டன் போனுக்குப் படம் வராது. படம் ஒன்று வந்திருக்கிறது, திறக்க முடியாது என்று இங்கிலீஷில் ஒரு வரிதான் வரும். ரீசார்ஜ் கடையில் படித்துச் சொல்வார்கள்.

"நீலக்கோடு போட்ட புதுச்சட்டயில நிக்கேன். தெரியுதா புள்ள?" என்று போனில் கேட்பார்.

"தெரியுது. நல்லாருக்கு," என்பேன். ஆசையாகக் கேட்கிற மனுஷனிடம் வேறு என்ன சொல்ல?

"ஒன் மொகத்த ஒரு படம் புடிச்சு அனுப்பேன். மறந்தே போயிரும் போலருக்கு."

கடைக்காரரிடம் சொல்லி எத்தனையோ தடவை அனுப்பினேன். ஒன்றுகூட அவருக்குப் போய்ச் சேரவில்லை.

காரியத்துக்கு நாள் குறிக்கச் சொந்தக்காரர்கள் நெருக்கினார்கள். முகம் பார்க்காமல் முடியாது என்று நான் உட்கார்ந்துவிட்டேன். அந்த வாரத்தில்தான் என் போனுக்கு ஒரு படம் வந்தது.

வரி இல்லை. படம்.

அவர் நம்பரிலிருந்து.

மணல் ரோடு. ஒரு ஆள் முதுகைக் காட்டிக்கொண்டு நடக்கிறார். நீலக்கோடு போட்ட சட்டை.

மறுநாள் இன்னொன்று. வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டு. அதே முதுகு. அப்புறம் மலை ரோட்டு வளைவு. அதற்கும் அப்புறம் இந்த பங்களாவின் கல் தூண்.

எனக்குப் பயம் வரவில்லை. கோபம்தான் வந்தது. இத்தனை தூரம் நடந்து வந்தவருக்கு வீட்டுக்கு வர வழி தெரியவில்லையா? "மொகத்தத் திருப்பித் தொலையேன்யா!" என்று போனைப் பார்த்துக் கத்தினேன். பிறகு ஒரு பிடி அரிசியை முந்தானையில் முடிந்துகொண்டு ஜீப் ஏறிவிட்டேன்.

கதவைத் தள்ளினேன். தாழ் போட்டிருக்கவில்லை.

உள்ளே மரவாடை இல்லை. நனைந்த சிமெண்டு வாடை.

கந்தவேல் மூலையில், தரையில் உட்கார்ந்திருந்தான். முன்னால் அவனுடைய விலை உயர்ந்த போன். மூடி தனியாக, பேட்டரி தனியாகக் கிடந்தது. திரை மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

"சிம்மையும் ஒடச்சுட்டேன் பரமேஸ்வரி," என்று கிசுகிசுத்தான். "வந்துக்கிட்டே இருக்கு."

"என்னது?"

"படம்."

"படம் வராதுன்னீங்களே."

போன் தரையில் அதிர்ந்து அரையடி நகர்ந்தது. அவனைப் பார்த்துத்தான் நகர்ந்தது.

"அன்னைக்கே வந்துருச்சும்மா. சூப்பர்வைசர் எனக்கு அனுப்புனான். நாந்தான் அழிச்சேன்."

"ஏன்?"

"மாரடைப்பு இல்ல. சாரம் சரிஞ்சிருச்சு. மொகத்தப் பாத்தா எல்லாருக்கும் தெரிஞ்சிரும்..."

அதற்குமேல் அவனைப் பேச விடவில்லை. தலைமுடியைக் கொத்தாகப் பிடித்தேன். "ஏலே, நான் பாக்க வேண்டிய மொகம்லே அது! கட்டுனவ பாக்காத மொகத்த நீ பாத்துட்டு அழிச்சியா?"

போனை எடுத்தேன். ஐஸ் மாதிரி இருந்தது.

அவர்தான்.

நெற்றியில் இடது பக்கமே இல்லை. ஒரு கண் பாதி திறந்திருந்தது. வாயும் திறந்திருந்தது. கழுத்தடியில் நீலக்கோடு. தெரியுதா என்று அவர் கேட்ட சட்டையை அன்றைக்குத்தான் முன்பக்கமாகப் பார்த்தேன். பெருவிரலால் அந்த நெற்றியைத் தடவிக்கொடுத்தேன். முந்தானை முடிச்சை அவிழ்த்து, அரிசியை அள்ளித் திரையில் அந்த வாய் இருந்த இடத்தில் போட்டேன்.

அரிசி கீழே விழவில்லை.

திரையிலும் இல்லை.

படத்தில் வாய் மூடியிருந்தது.

"போயிருச்சா?" என்று கந்தவேல் அழுதான். "பரமேஸ்வரி, போயிருச்சா?"

"எனக்குக் காட்டியாச்சு. ஒனக்கு இன்னும் காட்டி முடியல," என்று போனை அவன் மடியில் போட்டேன். வாசலைத் தாண்டும் முன்பே அது மறுபடி அதிர்கிற சத்தம் கேட்டது. இன்றைக்கும் அவன் அந்த அறையில்தான் கிடக்கிறான். கண்ணை மூடினால் இமைக்கு உள்ளேயும் வருகிறதாம். வரட்டும். நன்றாக வரட்டும்.

காரியம் முடிந்தது. தாலியைக் கழற்றினேன். எல்லாரும் கிளம்பிப் போன பிறகு, வெளிச்சம் இருக்கும்போதே அடுப்பு மூட்டி உலை வைத்தேன். அப்போது என் போன் சத்தம் போட்டது.

எங்கள் வீட்டு அடுப்படி.

அடுப்பின் முன்னால் ஒரு முதுகு. வெறும் கழுத்து.

என் முதுகு.

பின்னால் நனைந்த சிமெண்டு வாடை அடித்தது. நான் அவர் முகத்தைப் பார்த்துவிட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லையே. இதற்காகவா இப்படி நிற்கிறீர் என்று திட்ட வாய் வந்தது. திட்டவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினேன்.

யாரும் இல்லை.

கையில் போன் அதிர்ந்தது. திரை முழுக்க என் முகம். அதற்குக் கீழே, தமிழ் எழுத்தே வராத அந்தப் போனில், தமிழில் ஒரு வரி இருந்தது.

"தெரியுது. நல்லாருக்கு."