இலவமரத்துக்கு ஒரு மடக்கு

“ஐயோ... ஃபிட்ஸ்ராய்!”

டெக்ஸ்டரின் அலறல் லா சூர்ஸ் மலைச்சரிவு முழுக்கக் கேட்டது.

காலை ஆறரை மணி.

அரிமா ஊருக்கு மேலே, நாற்பது வீடுகள் எழும்பப் போகிற காடு அது. காட்டுக்கு நடுவே ஓர் இலவமரம். முந்நூறு வயது. பத்துப் பேர் கைகோத்து நின்றாலும் கட்டிப்பிடிக்க முடியாத அடிமரம்.

அந்த அடியில் மரம் அறுக்கும் ஃபிட்ஸ்ராய் மல்லாந்து கிடந்தான்.

உதடு நீலம். வாயோரத்தில் நீல நுரை. பக்கத்தில் பாதி காலியான வெள்ளை ரம் பாட்டில்.

கூட வேலை செய்யும் டெக்ஸ்டர் பதற்றத்தில் செய்த முதல் காரியம், மிச்ச ரம்மை மடமடவென்று குடித்தது. இரண்டாவது காரியம்தான் போலீசுக்குப் போன். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஓர் ஏப்பத்தைத் தவிர.

ஆக, பாட்டிலில் விஷம் இல்லை.

அப்படியென்றால்... மரம்தான் கொன்றது! இலவமரத்தில் குடியிருக்கும் பேய், ஜம்பி, தன் மேல் கைவைத்தவனைச் சும்மா விடுமா? பிணத்தை ஏற்றிப் போன கையோடு கூலிக்காரர்கள் அத்தனை பேரும் அரிவாளைப் போட்டுவிட்டு ஓடிவிட்டார்கள்.

ஓட முடியாதவள் ஒருத்திதான். வெர்லின் குவாமினா. மரப் பாதுகாப்பு அலுவலகத்தின் ஆய்வாளர்.

இலை உதிர்க்கும் அந்த மரம் தானாகச் சாகிறதா, சாகடிக்கப்படுகிறதா... அன்று மதியம் பன்னிரண்டு மணிக்குள் அவள் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். தானாகச் சாகிறது என்றால் பாதுகாப்பு ஆணை ரத்து, மரத்தை வெட்டலாம். சாகடிக்கிறார்கள் என்றால் ஆணை நிற்கும். வீடுகளின் வரைபடத்தைத்தான் மாற்ற வேண்டும்.

முந்தின நாள் மாலை ஃபிட்ஸ்ராய் அவளுக்குப் போன் செய்திருந்தான்.

“மிஸ்... அது தானா சாகல. நான்தான் வேர்ல ஓட்டை போட்டு மருந்து ஊத்தினேன். மண்ணு வச்சு அடைச்சிருக்கேன். மனசு கேக்கல. காலைல வாங்க, காட்டறேன்.”

“யாரு செய்யச் சொன்னது?”

“நேர்ல சொல்றேன் மிஸ்.”

இனி எங்கே சொல்ல?

ஒன்பது மணிக்கு அவள் கைப்பேசி அதிர்ந்தது. தெரியாத எண். கிசுகிசுப்பான குரல்.

“மரம் ஒருத்தன எடுத்துக்கிச்சு... ‘தானா சாகுது’ன்னு கையெழுத்துப் போட்டுடு. இல்லேன்னா ரெண்டாவது ஆளு நீ.”

போன் கை நழுவி விழுந்தது. எழுந்து நேராக மேலதிகாரி லெசாமாவின் அறைக்கு ஓடினாள். ஆறு வருடத்துக்கு முன்னால் ஒற்றை ஆளாகப் போராடி அந்த மரத்துக்கு ஆணை வாங்கித் தந்தவர் அவர். ஃபிட்ஸ்ராய் பேசியதைக்கூட நேற்றே அவரிடம் மட்டும்தான் சொல்லியிருந்தாள்.

வீடு கட்டும் பூதூசிங் மேல்தான் தனக்குச் சந்தேகம் என்று பெண் போலீஸ் சார்ஜென்ட் ஹயசிந்த் சொன்னதையும், அவனை விசாரிக்கக் கிளம்பிவிட்டதையும் படபடவென்று கொட்டினாள். மரம் யாருக்கு இடைஞ்சலோ அவன்தானே கொல்வான்?

“பயப்படாதம்மா,” என்றார் லெசாமா. “நானும் கூட வர்றேன். ஓட்டைய தேடிக் கண்டுபிடிப்போம். அதுக்கப்புறம் எவனாலயும் உன்னை ஒண்ணும் பண்ண முடியாது.”

பத்தரை மணி. சுள்ளென்ற வெயில். இலவமரத்தடி மட்டும் இருண்டு கிடந்தது.

ஆளுயரச் சுவர்கள் மாதிரி வேர்கள். குருவிச் சத்தம் கூட இல்லை. ஒரு சருகு தோளில் விழுந்ததற்கே வெர்லின் துள்ளிவிட்டாள்.

லெசாமா சிரித்தபடி பையிலிருந்து ஒரு ரம் பாட்டிலையும் இரண்டு எனாமல் கோப்பைகளையும் எடுத்தார்.

“ஜம்பிக்குக் குடுக்கறதைக் குடுத்துட்டு வேர்ல கை வைப்போம். நீயும் ஒரு மடக்கு போடு. நடுக்கம் நிக்கும்.”

மூடியைத் திருகி, முதல் மடக்கை வேரில் ஊற்றினார். புதுப் பாட்டில் திறந்தால் செத்துப்போனவர்களுக்குத்தான் முதல் பங்கு என்பது அந்த ஊர் வழக்கம். சாம்பல் நிற வேரில் ரம் தண்ணீராக வழிந்தது.

பிறகு இரண்டு கோப்பையிலும் ஊற்றினார். உள்ளே நீல எனாமல் பூசிய கோப்பையை அவளிடம் நீட்டினார்.

வெர்லின் அதை உதட்டருகே கொண்டுபோனாள்.

நின்றாள்.

ஃபிட்ஸ்ராய் ஞாபகம் வந்தது. நேற்று இந்நேரம் உயிரோடு இருந்தவன். மனசு கேட்கவில்லை என்று சொன்னவன். புதிதாகச் செத்தவனுக்கு அவரவர் கோப்பையிலிருந்தே ஊற்ற வேண்டும் என்று அவள் அம்மா சொல்லுவாள்.

“ஃபிட்ஸ்ராய்க்கு ஒரு மடக்கு,” என்று முணுமுணுத்துக் கோப்பையைச் சாய்த்தாள்.

வேரில் வழிந்தது... நீலம்!

வெர்லின் பார்த்துக்கொண்டே நின்றாள். ஒரே பாட்டில். அவர் ஊற்றியது வெள்ளை. அவள் ஊற்றியது நீலம். ஃபிட்ஸ்ராயின் உதட்டில் இருந்த அதே நீலம்.

விஷம் பாட்டிலில் இல்லை. கோப்பையில்!

போனவர்களுக்கெல்லாம் பங்கு கொடுத்த லெசாமா, தானே அனுப்பி வைத்தவனை மறந்துவிட்டார்.

“பேசாம குடிச்சிருக்கலாம்ல?” அவர் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. “ஜம்பி உன்னையும் எடுத்துக்கிச்சுன்னு ஊரே நம்பியிருக்கும். கையெழுத்த நானே போட்டிருப்பேன்.”

கூலிக்காரர்கள் போட்டுவிட்டுப் போன அரிவாள் ஒன்று அவர் கைக்கு வந்தது.

“சார்... நீங்கதானே இந்த மரத்தைக் காப்பாத்துனீங்க?”

“அதனாலதான் நெலம் மலிவாச்சு. வெட்ட முடியாத மரம் நிக்கிற எடத்த எவன் வாங்குவான்? தங்கச்சி பேர்ல நான் வாங்கினேன். ஆறு வருஷமா காத்துக்கிடக்கேன் வெர்லின், ஒரு மரம் சாக.”

அவள் பின்வாங்கினாள். முதுகு வேர்ச்சுவரில் முட்டியது. இருபக்கமும் சுவர். அரிவாள் உயர்ந்தது...

“அத கீழ போடுங்க மிஸ்டர் லெசாமா.”

சார்ஜென்ட் ஹயசிந்த்! கையில் துப்பாக்கி. அவளுக்குப் பின்னால் மூச்சிரைக்க பூதூசிங், கக்கத்தில் ஒரு காகிதச் சுருளோடு.

அரிவாள் கீழே விழுந்தது.

விசாரிக்கப் போன இடத்தில் பூதூசிங் அழாத குறையாகப் புலம்பியிருக்கிறான். மரத்தை நடுவில் விட்டுவிட்டு, சுற்றிலும் முப்பத்தொரு வீடு வருகிற மாதிரி அவன் வரைபடத்தை மாற்றிக் கொடுத்து இரண்டு மாதமாகிறதாம். நிலத்துக்காரிதான் நாற்பதுக்கு ஒன்று குறையக் கூடாது என்று அடம் பிடிக்கிறாளாம்.

“நெலத்துக்காரி பேரு என்னன்னு கேட்டேன்,” என்றாள் ஹயசிந்த். “மாரிசா லெசாமான்னாரு. ஆபீஸுக்குப் போன் போட்டா, நீங்க ரெண்டு பேரும் இங்க வந்திருக்கீங்கன்னாங்க. பறந்து வந்தேன்.”

வெர்லின் மண்டியிட்டு வேரைச் சுரண்டினாள். மண் உதிர்ந்தது. ஓர் ஓட்டை. பக்கத்தில் இன்னொன்று. மொத்தம் ஏழு. மற்ற வேர்களில் உயிர் இருந்தது. பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது எழுதினாள்: ‘சாகடிக்கிறார்கள். காப்பாற்றலாம்.’

கைவிலங்கோடு நின்ற லெசாமா மரத்தை அண்ணாந்து பார்த்தார்.

பூதூசிங் அவர் தோளைத் தட்டினான்.

“இலவு காத்த கிளிக்குப் பழம் கிடைக்காதுன்னு தெரியும் சார்... கூண்டு கிடைக்கும்னு இப்பதான் தெரியுது.”